சாமிக்குத் தலை எந்தப் பக்கம்

என் பிரியத்துக்குரிய சாமிக்கு ஸ்தோத்திரம். 'ஃபாதர்' என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. செத்த பிறகும் பிடிக்காது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "சாமியைத் திருப்பிப் படுக்க வையுங்கள்." கோயிலில் இருந்த யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்லப் போய் நின்றும்விட்டேன். பிறகு சொல்லவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களும் கூட இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களில் பலருக்கு உங்களைத் தெரியாது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலைக்குப் பின்னால், வாடகை அறைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்கின் பெரிய கோயிலிலிருந்து இளம் சாமியார் ஒருவர் வந்து தமிழில் பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில், ஓய்வுபெற்று அங்கே வந்து தங்கிய நீங்கள், ஆயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, விடியலில் பழைய முறைப்படி இலத்தீனில் பூசை வைப்பீர்கள். பீடத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கிராதி. அதைத் தாண்டிப் பெண்கள் போகக் கூடாது.

எங்களுக்கு என்றால் எத்தனை பேர்? நான், என் அறையில் தங்கியிருந்த ஜெசிந்தா, சில நாள் இன்னும் இரண்டு மூன்று பெண்கள். எல்லோரும் தெற்கே கடலோரத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் கிடப்பவர்கள். முக்காடு இல்லாமல் வந்தால் திட்டுவீர்கள். ஒருமுறை நான் கம்பெனி லைனில் போடும் நீலத் தொப்பியோடு நேராக வந்துவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "தல மூடியிருக்கு. போதும், முழங்கால் போடு," என்றீர்கள். ஹாஸ்டலே சிரித்தது.

ஹாஸ்டலில் உங்கள் பெயர் 'முதுகுச் சாமி'. அது உங்களுக்கும் தெரியும். பக்கத்து அறைகளின் சொந்தக்காரர் ஏகாம்பரம் அண்ணன் நேரில் கேட்டே விட்டாரே. அவருடைய நிலமாக இருந்த இடம்தான் அந்தத் தெரு முழுவதும். நெல் விளைந்த இடத்தில் இப்போது கம்பெனிப் பையன்கள் குடியிருக்கிறார்கள். கோயிலுக்குத் தண்ணீர் விடுவதும் சாவி வைத்திருப்பதும் அவர்தான்.

"இன்னா சாமி, ஜனங்கோ மேல இன்னா கோவம் ஒனக்கு? வந்தவங்களுக்கு முதுவக் காட்டிக்கினு நிக்கிற?"

"ஏன்யா, உன் எல்லையம்மன் கோயில் பூசாரி மட்டும் உன்னப் பாத்துக்கிட்டா தீபாராதன காட்றாரு?"

"அத்த சொல்லு!" என்று அவர் தொடையைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒருநாள் பூசை முடிந்து, நீங்கள் வாசலில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "எங்க மொகத்தப் பாத்தா என்ன சாமி?" என்று கேட்டேன்.

சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு ட்ரெய்லர் போனது. அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மூஞ்சியப் பாத்தா மனசு பூசையில நிக்காது பொண்ணே. எவ ஷிப்ட்டு முடிச்சிட்டு தூங்கி வழியறா, எவ அழுதுட்டு வந்திருக்கா, இதையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

"நடுவுல எங்க பக்கம் திரும்புவீங்கள்லா?"

"திரும்பும்போது கண்ணத் தாழ்த்திக்கணும். அதுதான் முற." பிறகு நீங்களாகவே சொன்னீர்கள். "ஒரே ஒரு நாள் நேரா பாக்கலாம். குருவானவர் செத்தா, தலைய பீடத்துப் பக்கம் வெச்சு, கால வாசப் பக்கம் நீட்டிப் படுக்க வெப்பாங்க. உங்களுக்கெல்லாம் நேர்மாறு. நீங்க செத்தும் பீடத்தப் பாக்கணும். நான் செத்தா ஜனங்களப் பாக்கணும். அன்னிக்கு ஒருத்தர் விடாமப் பாத்துருவேன்."

"கண்ண மூடி வச்சிருப்பாவளே சாமி."

"அந்தக் கவல உனக்கு எதுக்கு?"

சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டீர்கள். அந்தக் காலையில் அங்கே வேறு யாரும் இல்லை.

உங்களோடு எனக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் நிறைய இருந்தன. ஜெசிந்தா விஷயம் அதில் பெரியது. தன்னோடு லைனில் வேலை பார்த்த பையனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் இந்து. மறுநாள் பூசைக்கு வந்தாள். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரோடும் கிராதியில் முழந்தாளிட்டாள். அவளை மட்டும் தாண்டிப் போனீர்கள். வெளியே வந்ததும் அவள் என் கையை உதறிவிட்டாள். "இனிமே அந்த முதுவப் பாக்க நான் வரமாட்டேன்ட்டி," என்றாள். அறையையும் காலி செய்துகொண்டு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நீங்கள் அவள் பெயரைச் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், மெழுகுவத்தியை அணைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணு நேரத்துக்குச் சாப்பிடறாளா?" என்று கேட்டீர்கள். "ஆமா சாமி, சாப்பிடுதா," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவளிடம் நேராகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய முறையில் அதற்கு இடமில்லையா, அல்லது உங்களிடம் தைரியம் இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தபோது நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "யம்மா, சாமி எய்ந்திரிக்கல மா," என்றார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை வரும் அந்தப் பங்குச் சாமியார் வந்திருந்தார். உங்களுக்கு ஊதா நிறப் பூசை உடுப்பு உடுத்தி, விரல்களுக்கு நடுவில் ஜெபமாலையைச் சுற்றி வைத்தவர் அவர்தான். நல்ல மனிதர், சாமி. அழுதுகொண்டேதான் செய்தார். பிறகு மினி வேனில் ஃப்ரீசர் பெட்டி வந்தது. அங்கேதான் எல்லாம் மாறியது.

"பிளக்கு பாயிண்ட் எங்க கீது?" என்று பெட்டிக்காரப் பையன் கேட்டான்.

"வாசலாண்ட ஒண்ணுதான். பீடத்தாண்ட ஒண்ணு போட்டுத் தர்றேன்னேன், சாமிதான் வுடல. மெழுவத்தி போதும்னுட்டாரு," என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"அப்ப வாசலாண்டயே போடு. மெஷினு தலமாட்டுல கீது, வயரு இம்மாந்தான்."

"வேற வயர் சேத்து இழுக்க முடியாதாப்பா?" என்றார் பங்குச் சாமியார்.

"லோடு இழுக்காது ஃபாதர். வெயில் ஏறிச்சினா அப்பறம் என்னியக் கேக்கக் கூடாது."

அவர் சரியென்று விட்டுவிட்டார். உங்களை வாசல் பக்கம் தலையும் பீடத்துப் பக்கம் காலுமாகப் படுக்க வைத்தார்கள். எங்களைப் போல. ஆயுள் முழுக்க எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்களோ, கடைசி நாளும் அதே திசை.

பெட்டி அப்படியே இருக்கட்டும், ஆளை மட்டும் உள்ளே திருப்பி வைக்கலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. பெட்டிக்காரனோடு பேச வேண்டியதுகூட இல்லை. பங்குச் சாமியாரின் அருகே போய் நின்றேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நிறையப் பேர் இல்லை. ஹாஸ்டல் பெண்கள் கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் தொங்கும் அட்டையோடும் வந்தார்கள். தெருவில் இருக்கும் சில குடும்பங்கள் வந்தன. கோயிலோ சின்னது. பெஞ்சுகளை ஒரு பக்கச் சுவரோரம் ஏற்றி அடுக்கியிருந்தார்கள். பெட்டியின் கால்மாடு கிராதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். அங்கே நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி இல்லை. அதனால் வந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து முன்னால் போனார்கள். போய்த் திரும்பிப் பார்த்தால்தான் உங்கள் முகம் முழுதாகத் தெரிந்தது. தலைக்குக் கீழே தலையணை இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. அப்படி அவர்கள் போய் நின்ற இடம் கிராதிக்கு அந்தப் பக்கம், சாமி.

ஜெசிந்தா எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. யார் சொன்னார்களோ தெரியாது. நான் பார்த்தபோது பீடத்துப் படியில், இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றான்.

"ஏட்டி, சாமி நின்னு பூச வைக்க எடம்லா இது," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "எறங்கிருவோம். ஏசுவாவ."

"யாரு ஏசுவா? அவுக படுத்துல்லா கெடக்காவ." ஜெசிந்தா அசையவில்லை. "கீழ எறங்குனா மொகம் தெரியாதுட்டி. நான் இன்னும் பாக்கல."

பங்குச் சாமியார் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, என்ன விஷயம்?"

நான் பீடத்தைப் பார்த்தேன். நீங்கள் எப்போதும் நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள். ஏகாம்பரம் அண்ணன்கூட, "நான் உள்ள வர்லாமா?" என்று யாரையோ கேட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியிருந்தார். எல்லோரும் உங்களைப் பார்த்து நின்றார்கள். உங்கள் முகம் அவர்களுக்கு நேராக இருந்தது. இப்போது உங்களைத் திருப்பினால் அவர்களையும் இறக்க வேண்டும். ஜெசிந்தாவையும்.

"ஒண்ணுமில்ல ஃபாதர்," என்றேன்.

நானும் போய் ஏறி நின்றேன். அந்த இடத்திலிருந்து கோயிலை நான் அதுவரை பார்த்ததில்லை. இவ்வளவு சின்னக் கோயிலில் நாங்கள் எவ்வளவு குறைவாக இருந்திருக்கிறோம் என்று அங்கே நின்றால்தான் தெரிகிறது. நீங்கள் திரும்பாமல் இருந்தது அதற்காகவும்தானா?

முறைப்படி அது தவறு. நீங்கள் இருந்திருந்தால், "கிராதிக்குள்ள பொம்பளைங்களா?" என்று கத்தியிருப்பீர்கள். ஆனால் ஒருத்தர் விடாமல் பார்ப்பேன் என்று சொன்னதும் நீங்கள்தானே. இரண்டில் எதை நான் காப்பாற்றியிருக்க வேண்டும்? ஜெசிந்தா அழவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ பின்னாலிருந்து நகரச் சொல்லும்வரை.

சாயங்காலம் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே கடைசியில் பெரிய சிலுவை. எல்லாக் கல்லறைகளும் அதைப் பார்த்துக் கால் நீட்டிய வரிசைகள். புது வரிசை வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குழி வெட்டியவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாமிக்குத் தல எந்தப் பக்கம்? சொல்லிடுங்கோ. எறக்கிட்டா அப்பறம் திருப்ப முடியாது," என்றார்.

பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"சிலுவைப் பக்கம்," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"இன்னாம்மா, அல்லாருக்கும் கால்தான் அந்தப் பக்கம் கீது. இவுருக்கு மட்டும் மாத்தியா?"

"சாமியாருக்கு அப்படித்தான் வைக்கணும். ஜனங்களப் பாத்து."

அவர் பங்குச் சாமியாரைப் பார்த்தார். பங்குச் சாமியார் என்னைப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் தலையசைத்தார். "பொண்ணு சொல்லுதுல்ல, திருப்புபா," என்றார் ஏகாம்பரம் அண்ணன். மூடிய சவப்பெட்டியைத் தூக்கி, தடுமாறி, திருப்பினார்கள். உள்ளே நீங்கள் யாரையும் பார்த்திருக்க முடியாது. நாங்களும் பெட்டியைத்தான் பார்த்தோம். மண் தள்ளினோம். செகண்ட் ஷிப்ட்டுப் பெண்களின் பஸ் சாலையில் ஹாரன் அடித்தது. அவர்கள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார்கள்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் கோயில் பூட்டிக் கிடக்கிறது. நாற்காலி போட இடம் வேண்டுமென்று கிராதியைக் கழற்றிவிட்டார்கள். ஜெசிந்தாவுக்குக் கான்ட்ராக்ட் முடிந்து இப்போது வேலை இல்லை. வயிற்றில் குழந்தை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று இப்போது நான்தான் கேட்கிறேன். நான் இன்னும் விடியலில் விழித்துவிடுகிறேன். போக இடம் இல்லாமல் ஏதாவது கதை படித்துக்கொண்டிருக்கிறேன். பூசைக்கு முன்னால் கதைப் புத்தகம் படிக்காதே என்பீர்கள். பூசைதான் இல்லையே.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன் சாமி. வருஷா வருஷம் வருவேன், எந்தக் கம்பெனியில், எந்த ஷிப்ட்டில் இருந்தாலும். மற்றவர்களைப் போலத் தலைமாட்டில் நிற்க மாட்டேன், உங்கள் கால்மாட்டில் நிற்பேன். ஜெசிந்தா வந்தால் அவளையும் அங்கேதான் நிறுத்துவேன்.

தோட்டத்துக்கு வெளியே, உங்கள் கால் பக்கம் இருந்த நிலத்தைக் கிடங்கு கட்ட யாரோ வாங்கினார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலை வடக்கே மாற்றிவிட்டு, பழைய வாசல் இருந்த இடத்தில், நீங்கள் பார்க்கும் பக்கம் முழுவதும், ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிட்டார்கள்.

உங்கள் மகள்களில் ஒருத்தி