வலை விரிக்காத இடம்

அம்மாவுக்கு உங்க சின்னவன் எழுதறது. நான் நல்லா இருக்கேன். முழங்கால் வலி தேவலையா? தைலம் தடவிக்கிறீங்களா, இல்ல அது அலமாரியிலயே தூங்குதா?

இங்க சேத்து நிலத்துல ரோட்டுக்கு மேடு போடுறோம். மண்ணுக்குள்ள காங்கிரீட் தூண்களை இறக்கி, மேல கெட்டியான பிளாஸ்டிக் வலை விரிச்சு ஜல்லி கொட்டினா பாரம் தூணுக்குப் போயிடும். நேத்து அவசரத்துல வலை விரிக்காத இடத்துல ரோலரை ஓட்டிட்டேன். தூண்களுக்கு நடுவுல அப்படியே உட்கார்ந்துடுச்சு. குதிச்சேன், இடுப்பு வரைக்கும் சேறு. ஒரு பூட்ஸ் போச்சு, அவ்வளவுதான். "எருமைகூட இப்படிப் படுக்காதுடா"ன்னு மேஸ்திரி சிரிச்சார்.

நீங்க படுக்கிற அறைச் சுவர்ல விரிசல்னு சொன்னீங்களே, அது எங்க முடியுதோ அங்க பென்சிலால கோடு போட்டு வைங்க. தாண்டினா உடனே சொல்லுங்க.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்பணும். கட்டில்ல உட்கார்ந்துதான் எழுதறேன்; கீழ சிமெண்டுத் தரைதான், தெரியும். இருந்தாலும் ஒரு கால் இன்னும் இறங்காம கட்டில்மேலதான் இருக்கு.