பதினோரு ரசீது

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில். தோப்பில் கடைசிக் காய் இறங்கியது. மண்டிக்காரர் கணக்கை முடித்துவிட்டார். பெங்களூரா மாங்காய் விலை இந்த வருடம் மட்டம். மாங்கூழ் கம்பெனி வாசலில் வண்டிகள் இரண்டு நாள் காத்துக்கிடக்கின்றன. பறிகூலி, வண்டி வாடகை போகக் கையில் ரூ. 91,500. அடுத்த காய் வரும்வரை எனக்கு வேறு வரும்படி இல்லை.

மகன் நாகராஜ் ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றுமுன், எவ்வளவு வந்தது என்று கேட்டான். சொன்னதும் முகம் மலர்ந்தது. அப்போதே சந்தேகம்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

சந்தேகம் சரி. ஓசூருக்கு வெளியே வீடு கட்ட ஒரு சைட் பார்த்திருக்கிறான். முன்பணத்துக்கு என் மாங்காய்ப் பணம், மீதிக்கு லோன். ஞாயிற்றுக்கிழமை கட்டுவதாகப் புரோக்கரிடம் சொல்லி, தன் சம்பளத்தில் பத்தாயிரம் டோக்கனும் கொடுத்தாயிற்று. என்னைக் கேட்காமல்.

"நீ எங்ககூடத்தான சாப்புடற. உனக்கு என்னாத்துக்கும்மா தனியா காசு?"

போன வருடமும் இதையேதான் சொன்னான். நம்பி முழுப் பணத்தையும் அவன் பைக்குக்குக் கொடுத்தேன். பிறகு பிரஷர் மாத்திரைக்குக் கை நீட்டினேன். மருமகள் சுமதி, போன வாரந்தானே அத்தை வாங்கினோம் என்றாள். கெட்ட எண்ணம் இல்லை. வாங்கி ஒரு மாதம் ஆனதை நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாள். அதுதான் பொறுக்கவில்லை. இரண்டாம் முறை கேட்க மனமில்லாமல் மூன்று நாள் மாத்திரை இல்லாமலே இருந்தேன். இது யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் கிடையாது.

ஜூலை 9, புதன்

கரண்ட் போய் வந்தது. மோட்டார் ஓடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட கணக்கு:

உழவு, எரு, மருந்து 22,000. தொடக்கூடாது.
மீதி 69,500.
ஆகஸ்ட் முதல் ஜூன் வரை 11 மாதம், மாதம் 6,000. ஆக 66,000.
இந்த ஜூலைக்கு 3,500.

மாதம் 6,000 இப்படி:
சாப்பாட்டுக்கு என் பங்கு 2,500
மாத்திரை 900
கேஸ், கரண்ட் 800
பஸ், தைலம், மொய் 700
ஆஸ்பத்திரிக்கென்று சேர 1,100
வெற்றிலை பாக்கு இல்லை. நிறுத்தியாயிற்று.

கம்பெனிக்காரனுக்கு மாதாமாதம் சம்பளம். தோப்புக்காரிக்கு வருடத்தில் ஒரே தரம். மொத்தமாக வருவதால்தான் எல்லார் கண்ணும் அதன்மேல். எனவே உடைக்கப் போகிறேன். பதினோரு டெபாசிட். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் ஒன்றாம் தேதி முடியவேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்தது ஐந்தாவது. வங்கி வரிசையில் நிற்கும்போதெல்லாம் சுவரில் இருக்கும் வட்டிப் பலகையைப் படித்துப் படித்துத் தோன்றியது.

வெள்ளிக்கிழமையிலிருந்து நாள் எண்ணினேன். 21, 52, 82, 113... பிப்ரவரிக்கு 28 என்பதை மறந்து, பாதியை அடித்துத் திரும்ப எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

வங்கியில் இரண்டரை மணி நேரம். கவுண்டரில் புதுப் பெண். ஒரே ரசீதாக ஒரு வருடத்துக்குப் போட்டால் வட்டி கூடுதல் என்று மூன்று தரம் சொன்னாள். குறையும் என்று தெரிந்துதான் வந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் இருக்க நான் கொடுக்கும் கூலி அது. நாள் எண்ணிய தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. படிவங்களை எடுத்தாள்.

எனக்குப் பின்னால் நின்ற ஆள், "பாட்டிக்கு வேற வேலையில்ல போல" என்றான்.

"இருக்குதுப்பா. இதான் என் வேலை" என்றேன்.

பதினோரு படிவத்திலும் 'தானாகப் புதுப்பிக்க' என்ற கட்டத்தில் அவளாகவே டிக் போட்டிருந்தாள். அப்படி விட்டால் முடிகிற நாளில் பணம் கைக்கு வராது, மறுபடி உள்ளே போய்விடும். பதினொன்றையும் மாற்ற வைத்தேன்.

வாரிசு யார் என்று கேட்டாள். நாகராஜ். பதினொன்றுக்கும் அவன்தான். நான் போன பிறகு எடுத்துக்கொள்ளட்டும். இருக்கும்வரை என்னுடையது.

மாலையில் அவனிடம் ரசீதுகளைக் காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஜூலை 13, ஞாயிறு

புரோக்கர் டோக்கனைத் திருப்பித் தர மறுத்துவிட்டான். சைட் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"பத்தாயிரம் போச்சு. உன்னாலதான்" என்றான் நாகராஜ்.

என்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் போயிருக்காது என்றேன்.

"சரி. நாளைக்கு ஆஸ்பத்திரின்னு படுத்தா என்னைக் கூப்புடாத."

சுமதி கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். பின்பக்கம் போய்த் துவைத்த புடவையையே மறுபடி துவைத்தேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஒரு ரசீதை உடைத்தால் இன்றைக்கே பேசிவிடுவான். உடைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

காற்று. நாகராஜ் இன்னும் பேசவில்லை. சொல்லவேண்டியதைச் சுமதியிடம் சொல்கிறான், நான் எதிரில் இருக்கும்போதே. கையில் 410. தைலம் வாங்கவில்லை. சுண்டைக்காய் வற்றல் காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேகமூட்டம். எட்டரை பஸ். பாஸ்புக்கில் ஆறாயிரமும் சில்லறை வட்டியும். கையெழுத்துப் போட்டு எடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் சம்பளம்.

மாத்திரை. தைலம். கேஸ் பணம் கொடுத்தாயிற்று. சாப்பாட்டுப் பங்கு 2,500-ஐச் சமையலறை அலமாரியில், அரிசிப்படியின் அடியில் வைத்தேன். சுமதி பார்த்துவிட்டு, உள்ளே நாகராஜிடம் கேட்டு வந்தாள்.

"அவரு தொடக் கூடாதுன்னுட்டாரு அத்தை. பெத்தவகிட்ட சோத்துக்குக் காசு வாங்குனான்னு ஊரு பேசுமாம்."

ஊர் பேசட்டும். பணத்தை எடுத்தால்தான் தட்டில் கை வைப்பேன் என்றேன். உள்ளே கட்டிலில் இருந்த நாகராஜுக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

மணி ஏழரை. முன்னால் சோறு, கீரைக் குழம்பு. ஆறிக்கொண்டிருக்கிறது. அவன் வெளியே வந்தான். அலமாரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சாப்புடும்மா" என்றான். பத்தொன்பது நாள் கழித்து முதல் பேச்சு.

பணம் அங்கேயே இருக்கிறது. நானும் இங்கேயே இருக்கிறேன்.