மஞ்சள் இறகு இரை

டிப்டன்வில், டென்னசி
மார்ச் 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வெர்ஜில்,

நலமா என்று கேட்க இரண்டு வருடம் தாமதித்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அரிசோனாவின் காய்ந்த காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? மகள் வீட்டில் உன்னைச் சும்மா உட்கார விடுகிறார்களா?

இங்கே பத்து நாளாக மழை. ரீல்ஃபுட் ஏரி பால் விட்ட காப்பி மாதிரி கலங்கிக் கிடக்கிறது. இந்த வாரத்தில் மட்டும் என் தூண்டில் பெட்டியை நான்கு தடவை கவிழ்த்து அடுக்கிவிட்டேன். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்த ரப்பர் புழுதான் சரி என்று அதை மேல்தட்டில் வைக்கிறேன். வைத்த கையோடு, இல்லை, தகடு சுழன்று அதிர்கிற இரைதான் சரி என்று அதை எடுக்கிறேன். கண் தெரியாத தண்ணீரில் பாஸ் மீன் அதிர்வைக் கேட்டுத்தான் வரும் என்பது உன் கட்சி. நிறம்தான் முக்கியம் என்பது என் கட்சி. இருபத்திரண்டு வருடம் ஒரே படகில் இருந்து இதில் ஒரு முடிவுக்கு வந்தோமா நாம்?

இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லாமல் இரண்டு கட்சியையும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், ரீலில் புதுத் தூண்டில் நரம்பு சுற்றுகிறேன், அவிழ்க்கிறேன். சமையலறை மேசை முழுக்கத் தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும். எர்லீன் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் தட்டை வைத்துச் சாப்பிடுகிறாள். கட்டிய மனைவி சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் என் வாயால் நீ அதைக் கேட்டதில்லை.

நம் சங்கத்தின் அந்த மே மாத மீன்பிடிப் போட்டியன்று விடிந்ததிலிருந்து நம் படகில் ஒரு மீன் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அல்லி இலைகளின் மேல் ரப்பர் தவளையைத் துள்ளவிட்டோம். பச்சைப் புழுவை ஈயமே இல்லாமல் மெல்ல மூழ்கவிட்டோம். வெள்ளிக் குஞ்சுமீன் மாதிரி நெளிகிற மர இரையை இழுத்தோம். நரம்பு தடிப்பாகத் தெரிகிறது என்று அதையும் மெல்லியதாக மாற்றினோம். சைப்ரஸ் மரத்தின் அடியில் ஒரு பெரிய பாஸ் நிழல் மாதிரி நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை.

படகின் முன்பக்கம் உன் இரை மரவேரில் சிக்கியது. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "வாடா செல்லம், வந்துடுடா" என்று அதைக் கொஞ்சி இழுத்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் உன் சின்னத் தூண்டில் கோலை எடுத்தேன். வறுத்துத் தின்னச் சின்னப் புளூகில் மீன் பிடிப்பதற்கென்று நீ எப்போதும் கூடவே கொண்டுவருவாயே, அது. அதன் நுனியில் நீ கையால் கட்டிய மஞ்சள் இறகு இரை இருந்தது, அரிசி அளவுத் தலையோடு. போட்டதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு புளூகில் ஏறியது. தூக்கும்போது அந்த நூல் மாதிரி நரம்பு அறுந்துபோனது. மஞ்சள் இரை மீனின் உதட்டிலேயே நின்றுவிட்டது. அதைப் பிடுங்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. என் கனமான கோலின் முள்ளை அதன் முதுகில் குத்தி, உயிரோடு, அந்த மரத்தடியில் இறக்கினேன்.

உயிருள்ள இரை கூடாது என்பது நம் சங்கத்தின் முதல் விதி. அந்த விதிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

பாஸ் அடித்தது. நீ திரும்பிப் பார்த்து, கூவிக்கொண்டே ஓடிவந்து, வலையில் அள்ளினாய். ஏழு பவுண்டுக்கு மேல். என்னைக் கட்டிக்கொண்டு, "எதுலடா கடிச்சது?" என்று கேட்டாய். "பச்சைப் புழு" என்றேன், புளூகில் அதன் தொண்டைக்குள் போய்விட்ட தைரியத்தில் முள்ளைக் கழற்றிக்கொண்டே.

கரையில் எடை போடும் தொட்டியில் அந்த மீன் வாயைப் பிளந்து புளூகில்லைக் கக்கியபோது எல்லோரும் பார்த்தார்கள். முதுகில் முள் குத்திய ஓட்டை, உதட்டில் மஞ்சள் இறகு. அது யார் கட்டியது என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. சங்கத் தலைவர் வெல்டன் உன் பக்கம் திரும்பினார். நீ அந்த இறகைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு எர்லீனைப் பார்த்தாய். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, முதல்முதலாக வீட்டை விட்டு வெளியே வந்து எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள் அவள். நீ சொன்னது இரண்டே வார்த்தை. "என் வேலைதான்."

நான் வாயைத் திறந்தேன், வெர்ஜில். சத்தியமாகத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. உன்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். இலையுதிர் காலத்தில் நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாய். கூட்டாளியால் ஏமாற்றப்பட்ட பாவப்பட்டவன் என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. படகுகளைச் சோதிக்கிற பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள்.

போன சனிக்கிழமை இந்த வருடத்தின் முதல் போட்டி. டூயி ஹாரல் படகின் இருக்கைக்கு அடியில் ஒரு டப்பா உயிருள்ள சில்வண்டு என் கையில் அகப்பட்டது. டூயிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நேத்து பொண்டாட்டியோட புளூகில் பிடிக்கப் போனேன், ராய்ஸ். எடுத்து வைக்க மறந்துட்டேன். என்னை நம்பு" என்று கெஞ்சினான். வெல்டன் என் தோளில் கை போட்டு, "இந்த வலி உனக்குத்தான்டா தெரியும். நீயே சொல்லு, இவனை அனுப்பிடலாமா?" என்றார்.

என் கையில் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. "அன்னைக்குப் புளூகில்லை முள்ளுல கோத்தது வெர்ஜில் இல்ல, நான்" என்றேன்.

வெல்டன் முதலில் சிரித்தார். "மழையில மண்டை ஊறிப்போச்சா உனக்கு?" என்றார். நான் எழுதியிருப்பதையெல்லாம் அங்கேயே, நனைந்துகொண்டே சொன்னேன். கடைசியில் டூயிதான், "அப்ப என் சில்வண்டுக்கு என்ன முடிவு?" என்று கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. வெல்டன் என் சட்டையிலிருந்து சோதனையாளர் அட்டையைக் கழற்றினார். "அந்த மனுசன் என் கடைக்கு வந்தப்ப நான் இரை விக்கமாட்டேன்னு சொன்னேன்டா" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எர்லீனிடம் சொன்னேன். "உன் உடம்பு தாங்காதுன்னுதான் பேசாம இருந்தேன்" என்று ஆரம்பித்ததும் அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். "என்னைச் சாக்கு சொல்லாத. அன்னைக்கு என் தலையில முடிதான் இல்ல, புத்தி இருந்துச்சு. அந்த மனுசன் சர்ச்சுல எனக்காக எழுந்து நின்னு ஜெபம் பண்ணினப்ப நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவர் அனுப்பின கிறிஸ்துமஸ் அட்டையைப் பிரிக்காமக் குப்பையில போட்டேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த, ராய்ஸ்?" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் பேச்சில்லை. இன்று காலை மட்டும் தாளையும் பேனாவையும் என் முன்னால் போட்டுவிட்டு, "எழுது. நல்லவன் மாதிரி எழுதாத" என்றாள். எழுதுகிறேன். எவ்வளவு முயன்றும் அங்கங்கே நல்லவன் மாதிரி வந்துவிடுகிறது. நீ அதை அடித்துவிட்டுப் படி.

அவள் உடம்பு தேவலை. ஜனவரி பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். முடி வளர்ந்திருக்கிறது, முன்பு இல்லாத சுருட்டையாக. இதை உனக்குச் சொல்லச் சொன்னது அவள்தான்.

சங்கம் என்னை நீக்கிவிட்டது. அது நியாயம். உனக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பத் தீர்மானித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் கடிதம் முதலில் போய்ச் சேரட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்று வெல்டனிடம் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்களுடையது முந்திக்கொண்டால், என்னுடையதைப் பிரிக்காமல் எறிந்துவிடாதே.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். முழங்காலைப் பார்த்துக்கொள். வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாயில்லை. ஏப்ரல் நடுவில் கரையோரத் தண்ணீர் அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிடும், சைப்ரஸ் வேரடிக்குப் புளூகில் கூட்டம் கூட்டமாக ஏறிவரும் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராய்ஸ்