மலைக்கென்று எழுதிய முதல் வரி

அன்பு மகன் வெர்லினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அரிசோனாவில் நீயும் மருமகள் ஜோலீனும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது, அப்பாவுக்கு நெஞ்சில் சுரங்கத்து நிலக்கரித் தூசி குடைகிறது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியேதான் தூங்குகிறார்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்து உனக்குப் போன் செய்தேனே, ஏன் என்று நீ கேட்கவேயில்லை. சொல்கிறேன். நீ படித்த கல்லூரியின் நிர்வாகக் குழுவில் வக்கீல், வங்கிக்காரர் எல்லாருக்கும் நடுவே ஊர் சார்பில் இருப்பவள் நான் ஒருத்திதான். சுரங்கம் மூடி டாக்டர்களும் போன பிறகு, இந்தக் கென்டக்கி மலையில் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று நாங்கள் சர்ச் சர்ச்சாக அலைந்தோம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பாமல், முதுகையும் எலும்பையும் கையால் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள் அவர்கள். இந்த மலைப் பிள்ளைகளே படித்து இந்த மலைக்கே டாக்டராக இருப்பார்கள் என்று கல்லூரியின் நோக்கத்தில் முதல் வரியாக எழுதவைத்தோம். அந்த வரியைச் சொல்லித்தான் நீயும் இடம் வாங்கினாய்.

இப்போது டீன் ஹஃப்மன், "கடைசி ரெண்டு வருஷப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்க டாக்டரே இல்லீங்க, நம்ம காலேஜ் கிளினிக்க மூடிட்டு அவங்கள லெக்ஸிங்டன் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார். நான் சண்டை போட்டேன். "நயோமாம்மா, உங்க பையன் வந்து கிளினிக்க எடுத்து நடத்துறேன்னு சொல்லட்டும், இந்தத் தீர்மானத்த இப்பவே கிழிச்சிடுறேன்" என்றார். அதற்குத்தான் வெளியே வந்து உன்னிடம் ஊருக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இருமுற கிழவனுங்களப் பாத்துக்கிட்டு அங்க உக்காரவாம்மா சொல்றே?" என்று சிரித்தாய். அதில் ஒரு கிழவர் உன் அப்பா, வெர்லின்.

உள்ளே போய் நீ வரமாட்டாய் என்றேன். கிளினிக்கை மூடுவது என்று முடிவாயிற்று, எதிர்த்துக் கை தூக்கியது நான் மட்டும். முதல் வரி மட்டும் இருக்கட்டும், பார்க்க நன்றாயிருக்கிறது என்றார் வங்கிக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வராத டாக்டரக் காட்டி இன்னும் எத்தனை தாய்க்கு ஆசை காட்டுவீங்க, அழிங்கய்யா அத" என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழித்துவிட்டார்கள்.

மறுநாள் கடையில் பக்கத்து வீட்டு லூலா, "உம் மவன் பணக்காரிங்க நெத்திச் சுருக்கத்த எடுக்குறானாமே, என் புருஷனுக்கு நெஞ்சுல இருக்கறதயும் எடுப்பானான்னு கேளு" என்றாள். மாவு வாங்காமலே வந்துவிட்டேன். இனி அப்பாவை மூச்சுச் சோதனைக்கு லெக்ஸிங்டனுக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம் நான்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

வெயிலில் அலையாதே, ஜோலீனிடம் எரிந்து விழாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. நீ சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீ வரத்தான் நினைத்தாய், அங்கே வேலையிலிருந்து விடமாட்டோம் என்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் அவரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
நயோமா