எண்ணெய்ச் சட்டி வைத்த நத்தார்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

யேசுபாலன் பிறந்த இந்த நத்தாருக்கும் நம் நண்பர்களோடு ஏரிக்கரைக்குக் கரவன் வீட்டு வண்டியில் வந்திருக்கிறேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் எப்போதும் உட்காரும் மடக்குக் கதிரையை மட்டும் யாரோ ஒளித்துவிட்டார்கள்.

வழக்கம்போல எண்ணெயில் பணியாரம் சுடப் பயற்றம்மா உருண்டைகள் பிடித்து வைத்தேன். பக்கத்துக் கரவன் றீற்றா ஓடிவந்து எண்ணெய்ச் சட்டியைப் பறித்தாள்.

"இந்த வருசம் நீங்கள் ஒண்டும் சுட வேண்டாம், அக்கா. நாங்கள் கொண்டுவந்து தாறம்."

பின்னேரத்துக்குள் எல்லாக் கரவன்களிலிருந்தும் பலகாரம் வந்து குவிந்தது. ஆள் செத்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள் என்றுதானே அயலவர்கள் அப்படிக் கொடுப்பார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அந்த மனுசன் சாகேல்லை! லைப்சிக் நகரத்திலை ஒருத்தியோடை நல்லாய்த்தான் இருக்கிறார்!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். நீங்கள் என்னைத் தொடவே விடாத காஸ் சிலிண்டரைப் பனிக்குள் நின்று நானே மாற்றினேன். பணியாரம் சுட்டுக் கரவன் கரவனாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். றீற்றாவும் வாங்கிச் சாப்பிட்டாள்.

புதுவருடம் பிறந்ததும் வந்து உங்கள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போங்கள். கதிரையைத் தேட வேண்டாம். அதைக் கண்டுபிடித்துவிட்டேன், அதில் உட்கார்ந்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

இதுவரை உங்கள் மனைவி