அடுத்த பேருக்குப் போ

ஜூன் 4

என் வீட்டு அம்மணிக்கு,

நானும் நம்ம பொடிசும் நல்லாத்தான் இருக்கோம். என் சமையல்ல உப்பு ஒருநாள் இருக்கு, ஒருநாள் இல்ல. அவ்வளவுதான் குறை.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நம்ம வீட்டுல ஒரு ரூம்ல தும்மினா இன்னொரு ரூம்ல கேக்கும். பொண்ணைப் பத்தி அவ காதுபடப் பேச மனசு வரல. அதான் பேனாவை எடுத்தேன்.

நீ வெளிநாட்டுலருந்து அனுப்பின பழைய லேப்டாப்பைக் கண்டபடி திட்டினேன்ல, எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன். ஸ்கூல் விட்டதும் கம்ப்யூட்டர் டீச்சர், விருப்பப்பட்ட பிள்ளைங்களுக்குக் கோடிங் சொல்லித் தர்றாங்க. அது என்னடி கோடிங்னு நம்ம பொடிசுகிட்ட கேட்டேன். வழக்கம்போல வாயைத் திறக்காம ஒரு பேப்பர்ல எழுதி நீட்டினா: 'மெஷினுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு படியா நாமதான் சொல்லணும்.'

மாடிப்படியைக் கூட்டுறது யார் முறைன்னு வாரம் தவறாம நம்ம கட்டடத்துல நடக்குற குடுமிப்பிடி சண்டை ஞாபகம் இருக்கா? அதைத் தானா சொல்ற மாதிரி பொடிசு ஒரு புரோகிராம் எழுதி, வந்ததை அச்செடுத்துக் கீழே ஒட்டிட்டா. பார்த்தா, எல்லா வாரமும் மேல்வீட்டு ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர் பேருதான்! மனுஷன் அந்தத் தாளைக் கிழிச்சுக் கையில பிடிச்சுக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னார். நான் அசடு வழிஞ்சேன். பொடிசு உள்ள போய் உக்காந்தவதான், சாப்பிடக்கூட எழுந்திருக்கல. ஒரு பேரைச் சொன்னதும் 'அடுத்த பேருக்குப் போ'ன்னு மெஷினுக்கு ஒரு வரி எழுதணுமாம். அதை விட்டிருக்கா. கண்டுபிடிச்சுத் திருத்தி, புதுத் தாளை அவளே மாடியேறிப் போய்க் கொடுத்துட்டு வந்தா. இப்ப படியும் பளிச்சுன்னு இருக்கு, சண்டையும் இல்ல. எனக்குத்தான் பொழுது போகல.

உன்,
லிஃப்ட் மெக்கானிக்

ஜூன் 15

என் லிஃப்ட்காரருக்கு,

உங்க கடிதம் வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில பெட்ஷீட் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுதுன்னு வாய்விட்டே படிச்சேன். இன்ஸ்பெக்டர் வந்த இடத்துல சிரிச்சுத் தொலைச்சு, சூப்பர்வைசர்கிட்ட மாட்டிக்கிட்டேன். என் பொண்ணு செஞ்சதுன்னு அவர்கிட்டயும் சொன்னேன், கூட வேலை பார்க்குற ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்குத் தலைகால் புரியல.

நான் ஏன் அந்த லேப்டாப்பை அனுப்பினேன்னு உங்களுக்குத் தெரியாது. அவ திக்குறதைப் பார்த்து மெஷின் சிரிக்காது. பேச்சே தேவைப்படாத ஒரு வேலையில நம்ம பிள்ளை நிம்மதியா இருந்துக்கட்டும்னுதான் அனுப்பினேன். போன்ல என்கிட்டயே 'ம்'முக்கு மேல பேச மாட்டேங்குறா. அவ ஒரு சொல்லை ஆரம்பிச்சு நிக்கும்போது எனக்குப் பொறுக்காது, மிச்சத்தை நானே எடுத்துக் கொடுத்துடுவேன். அதுக்கப்புறம் அவ பேசுறதே இல்ல.

வேளைக்குச் சாப்பிடுங்க. உப்பைப் போட்டே சாப்பிடுங்க.

உங்க,
லாண்டரிக்காரி

ஜூன் 27

அம்மணிக்கு,

நேத்து வீட்டுச் சாவியைக் காணோம். நான் வீட்டையே புரட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன். பொடிசு என்னைச் சோபாவுல உக்கார வெச்சு, 'கடைசியா எந்தக் கதவைத் திறந்தீங்க? அப்புறம் எங்க போனீங்க?'ன்னு வரிசையா எழுதிக் கேட்டா. சாவி டூல்ஸ் பையில இருந்துச்சு. கோடிங்ல தப்பைத் தேடுறதும் இப்படித்தானாம். இதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டு அம்மா தன் பசங்க ரெண்டு பேரையும் அந்த வகுப்புல சேர்த்துட்டாங்க. எல்லாப் பிள்ளைங்களும் கத்துக்கட்டும், நல்லதுதான்.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்கூல் கண்காட்சியில இவ மேடையேறி, மைக்ல தன் புரோகிராமை விளக்கணும்னு டீச்சர் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?

உன்,
லிஃப்ட் மெக்கானிக்

ஜூலை 8

லிஃப்ட்காரருக்கு,

வேண்டாம். போன வருஷம் பாட்டு ஒப்பிக்கப் போய், பிள்ளைங்க அவளை மாதிரியே திக்கிக் காட்டிச் சிரிச்சு, அவ மேடையிலிருந்து ஓடி வந்தது மறந்துடுச்சா? அவளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தவ நான். வழி முழுக்க என் தோள்ல முகத்தைப் புதைச்சிருந்தா. டீச்சர்கிட்ட சொல்லுங்க, இவ கம்ப்யூட்டரை இயக்கட்டும், வேற பிள்ளை பேசட்டும். என்னை மீறி மேடையேத்தினீங்கன்னா உங்களோட பேச்சே கிடையாது.

லாண்டரிக்காரி

ஜூலை 20

என் அம்மணிக்கு,

நீ சொன்னபடி டீச்சர்கிட்ட பேசத்தான் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது, அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு தோணிச்சு. கேட்டேன். முகமெல்லாம் சிவந்து, 'நா... நா... நானே'ன்னா. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டேன். நீ கோவிச்சுக்கோ.

கண்காட்சி அன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர் டீச்சர், வகுப்பு கூட்டுற முறைக்கு விளையாட்டா டீச்சர்ங்க பேரைப் போட்டுக் காட்டும்மான்னு சொல்லியிருக்காங்க. அவசரத்துல மாத்தும்போது ஒரு வரி அழிஞ்சு போச்சு. மண்டபம் நிறைய ஜனம். பெரிய திரையில வருது: திங்கள், தலைமையாசிரியை. செவ்வாய், தலைமையாசிரியை. சனி வரைக்கும் அவங்கதான் கூட்டணும்! எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

போன வருஷம் மாதிரி அவ ஓடி வந்தா பிடிச்சுக்கலாம்னு கதவுகிட்ட போய் நின்னுட்டேன். அவ ஓடல. டீச்சர் உதவிக்கு மைக்கை வாங்க வந்தாங்க, தலையை ஆட்டி வேண்டாம்னுட்டா. திரையைக் காட்டிச் சொன்னா:

"இ... இதுவும் என்னை மா... மாதிரிதான். ஒரே இ... இடத்துல நின்னுடுச்சு. கொ... கொஞ்சம் பொறுங்க. போ... போயிடும்."

'கொஞ்சம் பொறுங்க'ங்கிறது, லிஃப்ட் பாதியில நின்னா உள்ள மாட்டினவங்களுக்கு நான் வெளியில நின்னு சொல்றது. லீவு நாள்ல என்கூட வரும்போது கேட்டிருக்கா.

அத்தனை பேரும் பொறுத்தாங்க. முதல் வரியிலிருந்து விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டே வந்தா. அழிஞ்ச வரியைத் திரும்ப எழுதினா. செவ்வாய்க்கிழமைக்குக் கணக்கு டீச்சர் பேர் வந்ததும் முதல்ல கை தட்டினது தலைமையாசிரியைதான். அப்புறம் திக்கித் திக்கியே முழுசும் விளக்கினா. யாரும் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கல. நான் கதவுகிட்ட நின்னு அழுதேன், பெருமை தாங்கல. நீ அங்க இல்லையேன்னும் இருந்துச்சு.

உன்,
பொடிசோட அப்பா

ஆகஸ்ட் 1

லிஃப்ட்காரருக்கு,

உங்களோட பேச்சே கிடையாதுன்னு சொல்லிட்டேன்ல, அதான் எழுதுறேன்.

உங்க கடிதத்தைப் படிச்சுப் படிச்சு மடிப்பெல்லாம் நைஞ்சு போச்சு. ஏப்ரன் பையிலயே வெச்சிருக்கேன். நேத்து வேலை நடுவுல உங்க நம்பர்லருந்து போன். எடுத்தா மூச்சுச் சத்தம் மட்டும் வருது. அப்புறம் மெதுவா, 'அ...'

மிச்சத்தை எடுத்துக் கொடுக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கையால வாயைப் பொத்திக்கிட்டேன். மெஷின் சுத்தி முடிச்சு மணி அடிச்சுது. சூப்பர்வைசர் வந்து துணியைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கன்னு அவருக்குக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் 'அ... அ...'ன்னு நிக்குறா. நானும் நிக்குறேன். என் உயிரே போயிடும் போல இருந்துச்சு.

"அம்மா"ன்னா. முழுசா, அவளே சொன்னா.

அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல. புதுசா வகுப்புல சேர்ற சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர டீச்சர் இவளைக் கூப்பிட்டிருக்காங்களாம், எதிர்வீட்டுப் பசங்க உள்பட. இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. ஆனா முதல்ல சொன்னது என்கிட்டதான், அதை மறந்துடாதீங்க.

துணி அப்படியே கிடந்துச்சுன்னு சூப்பர்வைசர் திட்டினார். திட்டட்டும்.

இப்படிக்கு,
அம்மா