பாதியில் அணைத்த வகுப்பு

என்னங்க,

மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். ஏசி பார்க்கிற ஆள் நான்கு மணிக்கு வருவார். எனக்கு டூட்டி முடிய ஏழாகும்.

நேற்று போனைப் பார்த்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த அன்பரசன் அண்ணன் முன்னால், "பில்டிங்கே ஆடுது, கீழ்வீட்டுக்காரன் வந்துரப் போறான்" என்றீர்கள். இருவரும் சிரித்தீர்கள். போனை அணைத்துவிட்டு டீ போட்டேன்.

அது விளையாட்டு இல்லை. எலும்பு தேய்ந்திருக்கிறது, நடந்தால் மட்டும் போதாது, எடையும் தூக்க வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் முவைலா கிளினிக் டாக்டர் சொன்னார். உங்களிடம் மறைத்தேன். முதுகு வலிக்கிறது என்று சொன்ன என்னோடு வேலை பார்த்த கனகாவுக்கு, அவள் வீட்டுக்காரர் ஊருக்கு ஒருவழி டிக்கெட்தானே எடுத்தார்; என்னையும் அப்படி அனுப்பிவிடுவீர்களோ என்று பயம்.

மெக்சிகோக்காரி மரிசோல் தன் நாட்டுப் பெண்களுக்காக வீடியோவில் நேரடியாக நடத்துகிற வகுப்பு அது. அந்த மொழி எனக்குத் தெரியாது. அவள் கை உயர்ந்தால் நானும் தண்ணீர் பாட்டிலை உயர்த்துவேன். போன வாரம் அரிசிப் பையை மூன்று மாடி நானே தூக்கி வந்தேன். நீங்கள் கவனிக்கவில்லை.

வடிவு

பி.கு.: ஏன் பாதியில் போனாய் என்று மரிசோல் காலையில் ஆங்கிலத்தில் மெசேஜ் போட்டுக் கேட்டிருந்தாள். நெட் போய்விட்டது என்று எழுதினேன். உங்களைப் பற்றி அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.